சத்து வியாபாரமும் நம் பிள்ளைகளும்

வன்னிப் பாடசாலைகளின் விளையாட்டு மைதானங்களுக்கு அண்மைக் காலமாக ஒரு புதிய வியாபாரி வந்து சேர்ந்திருக்கிறான். அவன் கடை விரிப்பதில்லை, கூவி விற்பதுமில்லை. ஒருகால் உடற்பயிற்சி நிலையத்தின் பயிற்றுநனாக வருகிறான். ஒருகால் கைத்தொலைபேசித் திரையில் புயம் பருத்த வாலிபனாகத் தோன்றுகிறான். ஒருகால் விளையாட்டுக் குழுவுக்கு மேற்சட்டை வாங்கித் தரும் நலன்விரும்பியாகவும் வருகிறான். தசையை வளர்க்கும் மா, களைப்பை அகற்றும் குளிகை, மூச்சைப் பெருக்கும் மூலிகைச் சாறு, பந்தயத்துக்கு அரை மணி நேரம் முன்னர் கரைத்துக் குடிக்கவேண்டிய 'சக்தித் தூள்' என்று அவன் பையில் பலவும் உள. ஆனால் வலய மட்டத்தில் இரண்டாம் இடம் பெற்று மாகாண மட்டத்தைக் கனவு காணும் பிள்ளையிடம் அவன் சொல்லும் வாக்கியம் ஒன்றே: "உன்னிடம் திறமை இருக்கிறது, தம்பி, சத்துத்தான் போதாது."

இவ்வாக்கியத்தில் உண்மை இருக்கிறது என்பதே இதன் கொடுமை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012/13 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே, இலங்கைத் தீவின் மாவட்டங்கள் யாவற்றிலும் வறுமை மிகுந்தது முல்லைத்தீவு, நூற்றுக்கு 28.8 பேர் அங்கு வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர். 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே அந்த முதலிடம் 18.2 வீதத்துடன் கிளிநொச்சிக்குச் சென்றது. இன்று நம் உயர்தர வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் 2009 மே மாதத்துக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் தவழ்ந்தவர்களும் அவர்களுள் உளர். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலே. அதன் பின்னர் குடும்பங்கள் கடன்பட்டுக் கட்டியெழுப்பிய வாழ்வை 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி மறுபடியும் அசைத்தது. இத்தகைய பிள்ளையைப் பார்த்துச் 'சத்துப் போதாது' என்று கூற எந்த விற்பன்னனும் தேவையில்லை. ஆனால் சத்தின்மையை உண்டாக்கிய காரணங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அதையே தன் விளம்பரமாக்கி, வறியவனின் வறுமையை அவனுக்கே விலைகூறி விற்பவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்பது?

விற்கப்படும் பண்டத்தின் உள்ளே என்ன இருக்கிறது? வாங்குபவனுக்குத் தெரியாது, பல வேளைகளில் விற்பவனுக்கும் தெரியாது. ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் பதின்மூன்று நாடுகளிலிருந்து 634 ஊட்டப் பொருள்களை வாங்கிப் பரிசோதித்து, 2004 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 94 பொருள்களில், மேலுறையில் குறிப்பிடப்படாத தசைவளர் ஹோர்மோன்கள் கலந்திருந்தன. ஏறத்தாழ ஏழு டப்பாக்களுக்கு ஒன்று! இவை பின்தெருவில் வாங்கிய சரக்கல்ல. அச்சிட்ட உறையும் நிறுவனப் பெயரும் கொண்டு வெளிப்படையாக விற்கப்பட்டவை. ஐக்கிய அமெரிக்காவிலே 1994 ஆம் ஆண்டுச் சட்டமொன்று இத்தகைய பொருள்களை மருந்தினின்றும் பிரித்துவைத்தது. அதன்படி, பண்டம் சந்தைக்கு வருமுன் அதன் பாதுகாப்பையும் பயனையும் அரசின் முன் நிரூபிக்க வேண்டிய கடமை உற்பத்தியாளனுக்கு இல்லை. தீங்கு நேர்ந்த பிறகு, அதை நிரூபிப்பது அரசின் வேலை. அதாவது முதற் பரிசோதனைக்கூடம் நுகர்வோனின் உடலே.

2012 ஆம் ஆண்டில் இலண்டன் மரதன் ஓட்டத்தில் கிளயர் ஸ்குவையர்ஸ் என்ற முப்பது வயதுப் பெண் ஓட்டம் முடியும் தறுவாயில் சரிந்து விழுந்து இறந்தார். அவர் அருந்திய 'சக்திப் பான'த்தில் டி.எம்.ஏ.ஏ. எனப்படும் ஊக்கி இருந்ததும், அது கடும் உழைப்போடு சேர்ந்து அவர் இதயம் செயலிழக்கக் காரணமாயிருக்கலாம் என்பதும் 2013 ஆம் ஆண்டு மரண விசாரணையிலே வெளியாயின. இலண்டனில் மரண விசாரணையாவது நடந்தது. நம் ஊர் மைதானத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் 'வெயில்' என்று கூறி முகத்தில் நீர் தெளிப்போம். காலையில் அவன் கரைத்துக் குடித்தது என்னவென்று எவர் கேட்பார்?

"எம்முடையது இரசாயனமல்ல; மூலிகை" என்பார் சிலர். மூலிகை என்ற சொல்லில் நம் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை நூற்றாண்டுகளின் முதிசம். அந்த முதிசத்தையே முதலாக இட்டு நடக்கும் வியாபாரம் இது. 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது இலங்கை அணியின் உபுல் தரங்க செய்துகொண்ட பரிசோதனையில் பிரெட்னிசொலோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டது. தோள் உபாதைக்காக அவர் உட்கொண்ட மூலிகை மருந்து வழியாகவே அது உடலில் சேர்ந்ததென்றும், ஆட்டத்திறனைக் கூட்டும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லையென்றும் விசாரணை மன்று ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் மூன்று மாதத் தடையை விதித்தது.

அதே 2011 இல் இந்தியாவின் பெண்கள் தொடரோட்டக் குழுவுக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. டெல்லி பொதுநலவாயப் போட்டியிலும் குவாங்சௌ ஆசியப் போட்டியிலும் முந்திய ஆண்டு தங்கம் வென்று வந்த அசுவினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மன்தீப் கௌர் ஆகியோரும் வேறு சிலரும் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினர். பயிற்றுநர் வாங்கித் தந்த ஜின்செங் மூலிகைக் குளிகையே காரணம் என்பது அவர்கள் வாதம். இந்திய மன்று அவர்களுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. 2012 இல் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அதனை ஈராண்டாக உயர்த்தியது. உழைக்கும் குடும்பங்களிலிருந்து ஓடிவந்த பெண்களின் இளமையில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அக்குளிகையைச் செய்தவனின் தொழிற்சாலையில் ஒரு நாள் வேலையும் நின்றதாக நாம் அறியோம்.

இங்கேதான் இப்பிரச்சினையின் கரு இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கோவையின் அடிப்படை நியதி, ஒருவரின் உடலில் காணப்படும் பொருளுக்கு அவரே பொறுப்பு என்பது. எப்படி வந்தது, அறிந்தாரா அறியாரா என்பவை தண்டனையின் அளவைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்கமாட்டா. கடும் ஊக்கமருந்தாயின் தடை நான்கு ஆண்டு வரை நீளலாம். 2021 ஆம் ஆண்டு விதிக்கோவை பதினாறு வயதுக்குட்பட்டோருக்குச் சிறிது இரக்கம் காட்டுகிறது. எனினும் கட்டு அதே கட்டு. நம் நாட்டிலும் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது. விளையாட்டின் நேர்மைக்கு இவை வேண்டுமென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விதிக்கோவை கட்டுப்படுத்துவது வீரனையும் அவனுடைய பயிற்றுநனையும்; டப்பாவை விற்றவன் அதன் எல்லைக்குள் வருவதில்லை. இலாபம் முழுவதும் ஒரு பக்கம். பொறுப்பு முழுவதும் மறு பக்கம். அந்த மறு பக்கத்தில் நிற்பதோ பதினாறு வயதுப் பிள்ளை.

குற்றமற்றவன் விடுபடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். 2015 டிசம்பரில் இடைநிறுத்தப்பட்ட குசல் பெரேரா விடுபட்டார்தான். பிழை அவரிடமில்லை, டோஹா ஆய்வுகூடத்தின் முடிவிலேயே என்பது 2016 மே மாதத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குக் கிரிக்கெட் சபையும் வழக்கறிஞர்களும் வெளிநாட்டு நிபுணர்களும் துணை நிற்க வேண்டியிருந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து மாகாணப் போட்டிக்குப் பஸ் கட்டணம் திரட்டிப் போகும் பிள்ளைக்கு எந்தச் சபை துணை நிற்கும்? எந்த நிபுணர் வருவார்?

சட்டமே இல்லையென்று நாம் கூறவில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருள்களையும் அச்சட்டம் கணக்கிலெடுக்கிறது. ஆயின், பெரிய டப்பாவிலிருந்து பிரித்துச் சிறு பைகளில் கட்டி, கைத்தொலைபேசியில் விலைபேசி, தபாற் பொதியில் வந்துசேரும் தூளை எந்த அதிகாரியின் கண் காண்கிறது? பறவைகளிடம் விலங்கென்றும் விலங்குகளிடம் பறவையென்றும் கூறித் தப்பிய கதை வௌவால் போல, மருந்ததிகாரி கேட்டால் உணவு என்றும், வாங்குவோன் கேட்டால் மருந்தினும் மேலானது என்றும் சொல்லித் தப்புகிறது இப்பண்டம். கட்டுப்பாடற்றது என்று நாம் சொல்வது இதையே.

இனி, இவ்வியாபாரத்துக்காக வாதாடுவோரின் வலுவான வாதத்தையும் எடுத்துக்கொள்வோம். "கொழும்பின் பெரிய பாடசாலை மாணவன் இவற்றையெல்லாம் உட்கொள்கிறான், நம் பிள்ளை வெறும் சோற்றோடு அவனுடன் போட்டியிடுவதா? இவற்றுள் சில பயன் தருவதாக விஞ்ஞானமும் ஒப்புகிறதே!" என்பர். ஒப்புகிறது. 2018 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிபுணர்கள் வெளியிட்ட அறிக்கை, ஆட்டத்திறனுக்கு உதவுவதாக நல்ல சான்றுடையவையெனக் கபேயின், கிரியேட்டின் முதலிய மிகச் சிலவற்றையே ஏற்றது. எண்ணிறந்த டப்பாக்களுக்குள் ஒரு கைவிரல்களில் அடங்கும் சில பொருள்கள்! அவையும் பயிற்சியும் உணவும் உறக்கமும் ஒழுங்காக அமைந்த முதிர்ந்த வீரனுக்குச் சிறு துளி ஏற்றம் தருபவை. காலை உணவின்றிப் பயிற்சிக்கு வரும் சிறுவனுக்கு உணவாக மாட்டா. கொழும்பு மாணவன் முந்துவது டப்பாவினாலன்று. செயற்கைத் தடத்தினாலும், நிரந்தரப் பயிற்றுநராலும், மூன்று வேளை உணவினாலும். அவற்றைக் கேட்க வேண்டிய வாயில் தூளைப் போட்டு அடைக்கிறான் வியாபாரி.

கணக்கையே பார்ப்போம். பயிற்சி செய்யும் ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதுமென்பது விளையாட்டுப் போசாக்கு அறிஞர் கூற்று. ஐம்பது கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 60 முதல் 100 கிராம். இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம். நூறு கிராம் மீனில் 20. ஐம்பது கிராம் கச்சானில் 12. எழுபத்தைந்து கிராம் உழுந்திலோ பயற்றிலோ 18. சோற்றைச் சேர்க்காமலே அறுபது கடந்துவிட்டது. வவுனியாவில் உழுந்து விளைகிறது. முல்லைத்தீவில் கச்சான் விளைகிறது. நந்திக்கடலும் நாயாறும் கொக்கிளாயும் இரணைமடுவும் முத்தையன்கட்டும் மீன் தருகின்றன. விளைவிக்கிற குடும்பம் அதனை விற்றுக் கடன் கட்டுகிறது. அந்தக் குடும்பத்தின் பிள்ளை கடன் வாங்கித் தூள் வாங்குகிறது. பாடசாலை மதிய உணவோ பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடுகிறது; உடல் மிக வேகமாக வளரும் வயதிலேயே தட்டு வெறுமையாகிறது.

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். இவ்வியாபாரம் பாடசாலைக்குள் நுழையும் வாயில் நாமே. நம் சொல்லைப் பிள்ளைகள் நம்புகிறார்கள் என்பதை அறிந்தே வியாபாரி கழிவுத் தொகையோடு நம்மிடம் வருகிறான். பயிற்சி தருபவரே பண்டத்தையும் விற்றால், அணியில் இடம் வேண்டிய பிள்ளை மறுப்பது எப்படி? அதை 'விருப்பத் தெரிவு' என்று எவ்வாறு அழைப்பது? தரகுப் பணத்துக்குக் கை நீட்டும் கணமே அவர் ஆசிரியரல்லர். மைதானத்தில் நிற்கும் விற்பனை முகவர். மேற்சட்டையும் வெற்றிக் கிண்ணமும் நன்கொடையாகப் பெற்று, பதிலுக்குப் பிள்ளைகளின் நெஞ்சை விளம்பரப் பலகையாக்கும் நிர்வாகங்களுக்கும் இது பொருந்தும்.

நாம் கேட்பவை பெரியனவல்ல. ஊட்டப் பொருள் விற்பனையும் அதன் விளம்பரமும் நன்கொடையும் பாடசாலை வளவுக்குள் முற்றாகத் தடுக்கப்படவேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இவற்றை விற்பவர், உள்ளடக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையொப்பமிடவேண்டும். எழுதாதது உள்ளே காணப்பட்டால் தண்டனை அவருக்கே முதலில் சேரவேண்டும். வலய மட்டத்துக்குத் தெரிவாகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பயிற்சிக் காலம் முழுவதும் முட்டையும் பயறும் மீனும் கொண்ட உணவு ஒரு வேளையேனும் அரசின் செலவில் கிடைக்கவேண்டும். பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் பொதியில் டப்பா அனுப்புவதை விடுத்து, அந்தச் சமையலறைக்கு விறகும் அரிசியும் தரட்டும். மாணவ நண்பர்கள் தம் கையிலுள்ள டப்பாவின் உறையை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, விஞ்ஞான ஆசிரியருடன் அமர்ந்து வரிவரியாக வாசிக்கட்டும்.

போரிலும் முகாமிலும் தப்பிப் பிழைத்த தலைமுறை இது. இத்தலைமுறையின் கால்களில் வலு இருக்கிறது என்பதை அது தானே நிரூபித்துவிட்டது. அதற்கு நாம் கடன்பட்டிருப்பது ஒரு தட்டு உணவும், ஒரு நேரிய பயிற்றுநரும், பொய் சொல்லாத ஆசிரியரும். இம்மூன்றையும் கொடுக்க மறுக்கும் சமுதாயம், தோற்று வரும் பிள்ளையைப் பார்த்துச் 'சத்துப் போதாது' என்று கூறும் தகுதியை இழந்துவிடுகிறது.