புயலுக்கு முன்னும் பின்னும்

மாரி கழிந்து வானம் வெளுக்கும் போதெல்லாம் தீவகத்து ஊர்களில் ஒரு வாதம் தலையெடுப்பதை வாசகர்கள் அறிவார்கள். கூரையை இழந்தவர், வள்ளத்தை இழந்தவர், கிணறு உவர்த்துப் போனவர் ஆகியோரை நடுவில் வைத்துக்கொண்டு, "அரசாங்கம் என்ன செய்தது?" என்று ஒரு சாரார் கேட்பர். "அரசாங்கத்தை நம்பியா எங்கள் முன்னோர் கடலின் நடுவே குடியேறினார்கள்? ஊர் கூடினால் ஆகாதது உண்டோ?" என்று மற்றொரு சாரார் விடை இறுப்பர். சனசமூக நிலையத்து வாங்கிலும், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருக்கும் வேளையிலும் இவ்வழக்கு நடைபெறும். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் வாதம் தொடங்கிய இடத்திலேயே முடிகின்றது. கடமை யாருடையது என்று கேட்கின்றார்களேயன்றி, எந்தக் காலத்துக் கடமை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியை இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வோம்.

வடபகுதி முதியோர் இன்றும் மறவாத புயல் 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் புயலாகும். அந்தமான் கடலிலே பிறந்த அப்புயல் 22 ஆம் நாள் வட இலங்கையைக் கடந்து பாக்கு நீரிணையில் இறங்கி, அன்றிரவே எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடியைத் தாக்கிற்று. இக்கடல் ஆழங் குறைந்தது. ஆழமற்ற கடலைப் பெருங்காற்று உந்தும்போது நீர் போக்கிடமின்றி மேலெழுந்து கரை மீது ஏறுகின்றது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியொன்றை அவ்வலை அப்படியே வாரிக்கொண்டு போனதும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதும் பலரும் அறிந்த செய்திகள். இரு கரைகளிலும் இறந்தவர் தொகை சுமார் 1,800 எனக் கணக்கிடப்படுகின்றது. எங்கள் கரையோரங்களிலும் வீடுகளும் வள்ளங்களும் வலைகளும் பெருந்தொகையாய் அழிந்தன.

அப்புயல் வீசிய வேளையில் கொழும்பில் நாடாளுமன்றம் இருக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டனர். டிசெம்பர் 3 ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அவர்களின் அரசாங்கம் சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் ஒரே வாக்கினால் தோல்வியுற்றது. புயலுக்கு ஐந்து நாள் முன்னதாக நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. பொதுத் தேர்தல் நடந்ததோ 1965 மார்ச் 22 ஆம் நாள். நமக்காகப் பேச உறுப்பினர் ஒருவரும் பதவியில் இல்லாத நாட்களிலே கடல் வந்தது. இதிலிருந்து நாம் பெறத்தக்க பாடம் யாது? காற்று தேர்தல் பார்த்து வீசுவதில்லை. ஆதலின் நிவாரணம் என்பது அமைச்சரின் இரக்கத்தையும் உறுப்பினரின் செல்வாக்கையும் நம்பி நிற்றல் கூடாது. ஆள் மாறினும் ஆட்சி மாறினும் தானே இயங்கும் விதியாக அஃது அமைந்திருத்தல் வேண்டும். இந்நாட்டில் அத்தகைய சட்டமொன்று உருப்பெறுவதற்கு 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடற்கோளும் அதன் பேரழிவும் வேண்டியிருந்தன. அடுத்த ஆண்டிலேயே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறிற்று. 1964 இலும், சுமார் 900 உயிர்களைக் கொண்ட 1978 நவம்பர் மட்டக்களப்புப் புயலின் பின்பும் வராத விதி அவ்வளவு பிந்தி வந்தது.

எதிர்க்கரைக்கு மீண்டும் செல்வோம். 1964 புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. பொறியியலாளர் ஸ்ரீதரன் அவர்களின் தலைமையில் 46 நாட்களில் அப்பாலம் செப்பனிடப்பட்டது. அவ்வேகம் இன்றும் போற்றப்படுகின்றது, போற்றத்தக்கதே. ஆனால் தனுஷ்கோடிக்கு என்ன நேர்ந்தது? மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. தலைமன்னாருக்கான கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து சென்றது. பள்ளியும் தபாலகமும் தேவாலயமும் இடிந்த சுவர்களாகவே நின்றுவிட்டன. மீனவர் சிலர் குடிசைகளில் தங்கி வாழ்ந்தார்கள். அரிச்சல்முனை வரை நல்ல வீதி போடப்பட்டது 2017 இல். பாலத்துக்கு 46 நாள். ஊருக்கு ஐம்பது ஆண்டுக்கு மேல்! புயல் ஊரை இடித்தது. அரசின் அறிவிப்பு ஊரை முடித்தது. மணல் மேட்டிலே மீண்டும் பெருநகர் கட்டியிருக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஓர் ஊர் பிழைப்பதும் மறைவதும் காற்றோய்ந்த பின் எடுக்கப்படும் தீர்மானத்திலேயே தங்கியுள்ளது என்பதைத்தான் சொல்லுகின்றோம். போரினாலும் இடப்பெயர்வினாலும் குடிகள் குறைந்து, பூட்டிய வீடுகள் மலிந்துள்ள எமது தீவுகள் இதைக் கூர்ந்து நோக்கவேண்டும். "அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?" என்ற ஒரு கேள்வியே ஒரு தீவின் எதிர்காலத்தைத் தீர்த்துவிடக் கூடும்.

நயினாதீவே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என்று அறிஞர் சிலர் கருதுவர். அக்காப்பியத்தில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கின்றது. காரணம் என்ன? நாக கன்னிகை பீலிவளை பெற்ற மைந்தன் மணிபல்லவத்திலிருந்து மரக்கலமேறி வருகையில் கடலில் தொலைந்தான். அத்துயரில் மூழ்கிய சோழ மன்னன் ஆண்டுதோறும் எடுக்கவேண்டிய இந்திர விழாவை மறந்தான். அதனால் நகர் அழிந்தது என்கிறார் புலவர். வானிலை நூல் கற்ற இக்காலத்தவர் இக்காரணத்தை ஏற்கமாட்டார்கள். ஆயினும் கதையின் உட்பொருளை எண்ணிப் பார்க்கவேண்டும். அலையை எழுப்பினான் என்று அரசன் மீது குற்றம் சாட்டப்படவில்லை. ஆண்டுதோறும் தவறாது செய்ய வேண்டிய ஒன்றை, தன் வீட்டுக் கவலையினால் மறந்தான் என்பதே குற்றம். ஆள்வோனின் கடமை கடல் பொங்குமுன் செய்யப்படுவது என்று நம் முன்னோர் கண்டிருந்தனர்.

இனி நமது கேள்விக்கு வருவோம். ஒரு தீவுக்குப் புயலின் காலம் மூன்று கூறாகும். காற்று வருமுன் உள்ள மாதங்கள் ஒன்று. காற்று வீசுவதும் அதையடுத்த இரண்டு மூன்று நாட்களும் ஒன்று. பின்வரும் ஆண்டுகள் ஒன்று. முதற் கூறும் இறுதிக் கூறும் அரசாங்கத்துடையவை. நடுக்கூறு ஊருடையது என்பது எமது துணிபு.

நடுக்கூறு ஏன் ஊருடையது? கடல் கொந்தளிக்கும்போது நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகு ஓடாது. ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் செல்லும் படகுகளும் நின்றுவிடும். அந்நாட்களில் எத்துணை நல்ல அரசாங்கமும் வந்து சேர இயலாது. 2008 நவம்பரில் நிஷா புயலின் பெருமழை குடாநாட்டை மூழ்கடித்தபோது, ஏ-9 வீதி 2006 ஓகஸ்ட் முதல் மூடப்பட்டிருந்தமையால் யாழ்ப்பாணமே ஒரு தீவாய் இருந்ததை நாம் கண்டோம். அத்தகைய வேளையில் கிழவியைத் தூக்கிச் செல்பவன் அயலான். உலை வைப்பது கோவில் மடம். கதவு திறப்பது பள்ளிக்கூடமும் தேவாலயமும். நயினை நாகபூசணி அம்மன் கோவிலின் அன்னதான மடத்துக்கு அமுதசுரபி என்று பெயர் சூட்டியவர்கள் பொருளறிந்தே சூட்டினார்கள். இந்நாட்களில் ஊர் தன் கடமையைச் செய்யாது மனு எழுதிக்கொண்டிருப்பது பேதைமை.

ஆனால் அந்த உலையில் இட அரிசி எங்கே இருந்து வரும்? கிணறு உவர்த்தால் குடிநீர் எங்கே? இங்கேதான் முதற் கூறு நிற்கின்றது. படகு நிற்குமுன் அரிசியும் மருந்தும் எரிபொருளும் தீவிலேயே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் பேசத்தக்க வானொலித் தொடர்பு இருக்க வேண்டும். இறங்குதுறையும் தாம்போதிகளும் மாரிக்கு முன் திருத்தப்பட வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியும் கடுநோயாளரும் காற்றுக்கு முதல் நாளே யாழ்ப்பாணம் சேர்க்கப்பட வேண்டும். எச்சரிக்கை மக்கள் பேசும் மொழியில், வேளைக்கு வரவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் 25 மாவட்டங்களையும் வருத்தி அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது, தமிழில் அறிவித்தல்கள் உரிய நேரத்திற் கிட்டவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்ததை நாம் மறத்தற்கில்லை. இவற்றை எந்தச் சனசமூக நிலையமும் செய்ய முடியாது. செய்யாத அரசாங்கம் நான்காம் நாள் பொதி சுமந்து வந்து படம் எடுத்துக்கொள்வதால் பயனென்ன?

இறுதிக் கூறு எல்லாவற்றிலும் நீண்டது. உலர் உணவு இரண்டு வாரத்துக்கு. ஆனால் ஒரு பனை பயன் தரப் பதினைந்து ஆண்டளவில் வேண்டும். கடன்பட்டு வாங்கிய இயந்திரப் படகு உடைந்தால் கடன் உடைவதில்லை. தீவுகளின் நன்னீர், சுண்ணக்கல் நிலத்தின் கீழே உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பது. கடல் புகுந்த கிணற்றை அவசரப்பட்டு இயந்திரத்தால் இறைத்தால் அடியிலுள்ள உவரே மேலெழும். 2004 கடற்கோளின் பின் கிழக்குக் கரையிற் பல கிணறுகள் இவ்வாறு மேலும் கெட்டன. நீரைச் சோதிக்கவும், கடனை ஒத்திவைக்கவும், வள்ளத்துக்குக் காப்புறுதி வகுக்கவும் வல்லது அரசாங்கமே. பத்திரிகைகள் மறந்த பின்பும் ஐந்தாறு ஆண்டு அது நின்று செய்ய வேண்டிய பணி இது.

"வெளிநாட்டில் எங்கள் ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றனவே, காசுக்குக் குறைவா?" என்று சில அன்பர் கூறுவர். அவ்வுதவிக்கு நாம் தலை வணங்குகின்றோம். பாழாய்க் கிடந்த பள்ளிகளும் கோவில்களும் அதனால் எழுந்தன. ஆயினும் உறவின் வழியே வரும் உதவி, உறவில்லாதவனைத் தாண்டிச் சென்றுவிடும். ரொறன்ரோவில் மகன் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்தில் கூரை வரும். பிறர் காணியில் குடிசை போட்டு, பிறர் படகில் கூலிக்குச் செல்பவனுக்கு அங்கே யார்? உறுதி இல்லாததால் அரசாங்கப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. செல்வாக்கு இல்லாததால் ஊர்ப் பட்டியலிலும் இல்லை. கொடை உறவைப் பார்க்கும். உரிமை தேவையைப் பார்க்கும். அதனாலேயே நிவாரணம் உரிமையாக இருத்தல் வேண்டும் என்கின்றோம். அப்பட்டியலில் அவனைச் சேர்க்கும்படி கிராம அலுவலரிடம் முதலிற் சொல்ல வேண்டியவர்கள் ஊராரே.

இப்பங்கீடு நடக்கக் கூடியதா என்று ஐயுறுவோர் வங்காளக் கரையைப் பார்க்கட்டும். 1970 நவம்பரில் போலாத் தீவையும் அயற் கரைகளையும் தாக்கிய புயலில் மூன்று இலட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அன்றைய பாக்கிஸ்தான் அரசின் அசட்டையை மக்கள் மன்னிக்கவில்லை. நாடு தனியான பின், 1972 இல் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. எச்சரிக்கையும் உறைவிடக் கட்டடங்களும் அரசினுடையவை. வீடு வீடாய்ச் சென்று மக்களை அழைத்து வருவது ஊர்த் தொண்டரின் பணி. இன்று அத்தொண்டர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், பாதிப்பேர் பெண்கள். 2020 இல் அம்பன் என்னும் கடும்புயல் வந்தபோது அந்நாட்டில் இறந்தோர் சில பத்துப் பேரே. அது நம்மினும் செல்வம் மிக்க நாடன்று. யார் எதைச் செய்வது என்பதைக் காற்றுக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொண்ட நாடு.

அடுத்த மாரிக்கு முன் நம் இல்லங்களிலும் ஊர்களிலும் செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. பிறப்புப் பத்திரம், காணி உறுதி, படகுப் பதிவு ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைக்கலாம். மாதர் சங்கத்தார் ஒரு கொப்பியில், நடக்க இயலாதோர் யார், தனித்திருப்போர் யார், எவ்வீடு கல்வீடு, எக்கிணறு மேட்டுக் கிணறு என்று எழுதி வைக்கலாம். காணி இல்லாதோர் பெயரை அக்கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுவது நன்று. பின் அதே கொப்பியோடு ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச செயலகங்களுக்குச் சென்று, "எங்கள் மூன்று நாளுக்கு நாங்கள் ஆயத்தம், உங்கள் மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் நீங்கள் ஆயத்தமா?" என்று கேட்கலாம். தன் பங்கைச் செய்தவன் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லாதிருத்தல் எந்த உத்தியோகத்தருக்கும் எளிதன்று. அக்கேள்வியைக் காற்று வருமுன் கேட்போமாக.