நகல் இல்லாத சேமிப்பு

தென் கொரியாவின் டேஜான் நகரில் அந்நாட்டு அரசின் தேசியத் தகவல் வள மையம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு, அங்கு லித்தியம் அயனி மின்கலன்களை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. தீயை முழுமையாக அணைக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆயிற்று. முதற்கட்டமாக 647 அரசுக் கணினி அமைப்புகள் முடங்கின. அவற்றில் பெரும்பாலானவை படிப்படியாக மீட்கப்பட்டன. ஆனால், அரசு ஊழியர்கள் தங்கள் பணிக் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்னும் பொதுச் சேமிப்பகம் முற்றிலும் அழிந்தது. அதிலிருந்த தரவுகளின் அளவு 858 டெராபைட். வேறு எந்த இடத்திலும் அதற்கு நகல் இல்லை.

இந்த இழப்பைச் சுமந்தவர்கள் யார் என்பது கவனிக்கத்தக்கது. அலுவலகக் கணினியில் எதையும் வைத்திருக்க வேண்டாம், பணி தொடர்பான அனைத்தையும் ஜி-டிரைவிலேயே சேமியுங்கள் என்பது 2018-இல் ஊழியர்களுக்கு அளிக்கப்பட்ட வழிகாட்டுதல். ஒவ்வொருவருக்கும் 30 கிகாபைட் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த வழிகாட்டுதலை முழுமையாகப் பின்பற்றிய பணியாளர் மேலாண்மை அமைச்சகமே மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டது. ஜி-டிரைவை அதிகம் பயன்படுத்தாத அலுவலகங்கள் ஓரளவு தப்பித்தன. ஒப்புதல் பெற்ற இறுதி ஆவணங்கள் வேறோர் அமைப்பில் இருந்தன. எனினும், அவற்றுக்கு அடிப்படையான குறிப்புகளையும் வரைவுகளையும் மின்னஞ்சல்களிலும் அச்சிட்ட தாள்களிலும் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. விதியை மதித்தவர்களே அதிகம் இழந்தார்கள்.

இத்தகைய சேமிப்பகங்களின் அடிப்படை 'சேமிப்பு மெய்நிகராக்கம்' என்னும் தொழில்நுட்பம். நூற்றுக்கணக்கான வட்டுகளை ஒரே குவியலாகத் திரட்டி, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை இருப்பதுபோன்ற தோற்றத்தை மென்பொருள் உருவாக்குகிறது. தன் கோப்பு எந்த வட்டில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று பயனருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை என்பதே இதன் கவர்ச்சி. இடம் வீணாவதில்லை, செலவு குறைகிறது, ஒரு வட்டு பழுதடைந்தாலும் மற்ற வட்டுகளிலுள்ள தரவுகளைக் கொண்டு அதை ஈடுசெய்துவிட முடிகிறது.

பொருளியல் படித்த எனக்கு இது வங்கியை நினைவூட்டுகிறது. நாம் செலுத்தும் ரூபாய் நோட்டுகள் நம் பெயர் எழுதிய பெட்டியில் கிடப்பதில்லை. அவை பொதுக் குவியலில் கலந்துவிடுகின்றன. நம்மிடம் இருப்பது ஓர் உறுதிமொழி மட்டுமே. அந்த உறுதிமொழி பொய்த்துப்போகக்கூடும் என்பதால்தான் இந்தியாவில் 1962 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. இன்று வங்கி ஒன்று முறிந்தால் வைப்பாளர் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு.

ஆனால், இந்த ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. இழந்த நூறு ரூபாய்க்கு வேறொரு நூறு ரூபாய் ஈடாகும். இழந்த கோப்புக்கு வேறொரு கோப்பு ஈடாகாது. எவ்வளவு இழப்பீடு கொடுத்தாலும், ஓர் அலுவலர் ஏழாண்டுகளாகச் சேர்த்த குறிப்புகள் திரும்பி வரப்போவதில்லை. எனவே, தரவுக்கு இருக்கக்கூடிய ஒரே காப்பீடு, வேறோர் இடத்தில் இருக்கும் இன்னொரு நகல்தான்.

'வேறோர் இடம்' என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆயிரம் வட்டுகளில் ஒன்றிரண்டு பழுதாவது தனித்தனியே நிகழும் இடர். பொதுக் குவியல் அதை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். தீயும் வெள்ளமும் அப்படியல்ல. ஒரே கூரையின் கீழ் உள்ள அனைத்தையும் ஒரே நேரத்தில் தாக்குபவை. சிறு இடர்களைக் கரைக்கும் அதே ஏற்பாடு, பெரிய இடரை ஓரிடத்தில் திரட்டி வைக்கிறது. 2021 மார்ச் மாதம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 'ஓவிஎச்' நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, நகல்களும் அதே வளாகத்தில் இருந்ததால் தரவுகளை இழந்த வாடிக்கையாளர்கள் உண்டு.

தென் கொரியாவுக்கே முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தது. 2022 அக்டோபரில் ஒரு தரவு மையத்தில் ஏற்பட்ட தீ விபத்தால், அந்நாட்டு மக்கள் அன்றாடம் நம்பியிருந்த 'காக்கோ' செயலியின் சேவைகள் நாள்கணக்கில் முடங்கின. உடனே சட்டம் திருத்தப்பட்டு, தனியார் நிறுவனங்களுக்குப் பேரிடர்க்கால ஏற்பாடுகள் வலியுறுத்தப்பட்டன. மூன்றாண்டுகளுக்குள் அரசின் சொந்த வீட்டிலேயே அந்தக் குறை வெளிப்பட்டது.

ஏன் நகல் எடுக்கவில்லை? பெருங்கொள்ளளவும் குறைந்த செயல்திறனும் கொண்ட சேமிப்பகம் என்பதால் வெளியே நகல் எடுக்க இயலவில்லை என்பது அரசுத் தரப்பின் விளக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பு தடையின்றி இயங்கினால், 858 டெராபைட்டை நகலெடுக்க ஏறத்தாழ எட்டு நாள்கள் ஆகும். சேமிப்பகத்தின் மந்த கதியால் அது சில மாதங்களே ஆகட்டும். அதன் பிறகு அன்றாட மாற்றங்களை மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆக, இது இயலாமையைவிட, செலவு குறித்த ஒரு தேர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தேர்வைச் செய்தவர்கள் வேறு. அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு. மிச்சப்படுத்திய தொகை ஆண்டுதோறும் வரவு-செலவுக் கணக்கில் சிக்கனமாகத் தெரியும். ஏற்றுக்கொண்ட இடர் எந்தக் கணக்கிலும் தெரியாது.

எண்பதுகளின் இறுதியில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்தோம். "ஒரு படியை ஊருக்கு அனுப்பிவிடு. எல்லாவற்றையும் விடுதி அறையிலேயே வைத்துக்கொள்ளாதே" என்றார் என் நெறியாளர். அஞ்சல் செலவை நினைத்து நான் தயங்கினேன். அவர் விடவில்லை. அந்த அறைக்கு ஒன்றும் நேரவில்லை. ஊருக்குப் போன படி பயன்படவும் இல்லை. அதனால் அந்தச் செலவு வீண் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. காப்பீட்டின் இயல்பே அதுதான்.

இந்தியாவிலும் அரசுக் கோப்புகள் வேகமாக மின்மயமாகி வருகின்றன. அது வரவேற்கத்தக்கது, மீண்டும் தாள் கட்டுகளுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், பொதுச் சேமிப்பகம் ஒன்றைக் கட்டாயமாக்கும் எந்த அமைப்பும் மூன்று பொறுப்புகளை ஏற்க வேண்டும். தொலைவிலுள்ள இன்னோர் ஊரில் நகல் இருக்க வேண்டும். அந்த நகலிலிருந்து தரவுகளை மீட்க முடிகிறதா என்று குறித்த கால இடைவெளியில் சோதித்துப் பார்த்து, முடிவை வெளியிட வேண்டும். அதற்கான செலவு, பிற செலவுகளுக்காக வெட்ட முடியாத தனித் தலைப்பில் ஒதுக்கப்பட வேண்டும்.

உன் கோப்பை உன்னிடம் வைத்திருக்காதே என்று சொல்லும் உரிமை ஓர் அரசுக்கு இருக்கலாம். அப்படிச் சொன்ன மறுகணமே, அந்தக் கோப்பைக் காக்கும் கடமையும் முழுமையாக அரசையே சேர்ந்துவிடுகிறது.