எத்தனை டன் அமுக்கும் என்று கேட்காதீர்கள்

எங்கள் தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் மேலாளர் போன வாரம் வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். பந்தியில் சேரும் எச்சில் இலை, மிச்சச் சோறு, சமையல்கட்டின் காய்கறித் தோல் எல்லாவற்றையும் அமுக்கி உள்ளேயே அடைத்துவைக்கும் மூடிய காம்பாக்டர் ஒன்று வாங்கப் போகிறார்களாம். நான் ஆலைகளில் முப்பது வருடம் ஹைட்ராலிக் பிரஸ்களோடு மாரடித்தவன் என்பது அவருக்குத் தெரியும். "சார் ஒரு பார்வை பாத்துச் சொல்லிட்டீங்கன்னா கமிட்டில வச்சிரலாமுங்க" என்றார்.

தாளைப் பார்த்தேன். முதல் வரி, கொட்டை எழுத்தில்: 32 டன் அழுத்தும் விசை. அடுத்த வரி: குப்பையின் அளவு நான்கில் ஒரு பங்காகும். மூன்றாவது: நாற்றம் அறவே இராது. கடைசியில், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், 'ரப்பர் சீல் உண்டு'. எனக்குக் கோபமே வந்துவிட்டது. மேலாளர் மேல் இல்லை, பாவம் அவர். ஈரக் குப்பைக்கு இயந்திரம் விற்க வருகிறவர்கள், அட்டைப்பெட்டிக் கடைக்கு அச்சடித்த தாளையே இங்கேயும் நீட்டுகிறார்களே, அதற்காக.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அபார்ட்மென்ட் சங்கத்திலோ, கோயில் அன்னதானக் குழுவிலோ, மண்டப டிரஸ்டிலோ இருக்கிறீர்கள். நாளைக்கு உங்களிடமும் அந்தத் தாள் வரும். ஆகவே கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

200 லிட்டர் டிரம் ஒன்றில் எச்சில் இலையும் சோறும் சாம்பாருமாக நிரப்பித் தராசில் ஏற்றினால் சுமார் 100 கிலோ வரும். அதை நான்கில் ஒரு பங்காக அமுக்குவோம் என்கிறார்கள். அதாவது 50 லிட்டர் இடத்தில் 100 கிலோ. 50 லிட்டர் தண்ணீரே 50 கிலோதான். அப்படியென்றால் அந்த இலையும் சோறும் தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு கனமாகிவிட வேண்டும். செங்கல்கூட அவ்வளவு கனம் கிடையாது! அட்டைப்பெட்டி, காலி பாட்டில், தெர்மோகோல் இவற்றை அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்; அளவு நிஜமாகவே குறையும். எச்சில் இலையில் பெரும்பங்கு தண்ணீர். வெந்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். வாழை இலையும் சுரைக்காய்த் தோலும் தர்பூசணித் தோலும் அதைவிட மோசம். திரவம் அமுங்காது. அதை நம்பித்தான் அந்த இயந்திரத்தின் சிலிண்டருக்குள்ளேயே எண்ணெய் வேலை செய்கிறது!

அப்போது அந்த 32 டன் என்னதான் செய்யும்? பிழியும், கரும்பு மெஷின் மாதிரி. பிழிந்த சாறு எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே போகும். ஈரக் குப்பைக்குக் காம்பாக்டர் வாங்குகிறவர் 'எத்தனை டன்' என்று கேட்பதை விட்டுவிட்டு 'சாறு எங்கே போகும்' என்றுதான் முதலில் கேட்க வேண்டும். விசை கூடக்கூட இந்தக் கேள்வி பெரிதாகுமே தவிரச் சிறிதாகாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற மறுவருடம் ஒரு பெரிய விடுதியின் சமையல்கூடத்துக்கு இதே மாதிரி இயந்திரம் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று கொட்டேஷன்கள் வந்தன. நான் பிரஸ் ஆள் அல்லவா, எதில் விசை அதிகமோ அதற்கு டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். தட்டு ஒன்று முன்னே போய் அமுக்கிவிட்டுப் பின்னே வரும் வகை அது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சோறும் சாறும் தட்டின் முதுகுப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். உலர்ந்த அட்டைக்கு இது பெரிய சங்கதி இல்லை. சோறு அங்கே இறுகி, புளித்து, புழு வைத்தது. நாலு மாதத்தில் தட்டு முழுதாகப் பின்வாங்கவே மறுத்தது. தினமும் யாராவது பக்கக் கதவைத் திறந்து சுரண்ட வேண்டியதாயிற்று. கதவு திறந்திருந்தால் இயந்திரம் ஓடாமல் இருக்க ஒரு லிமிட் சுவிட்ச் இருந்தது. தட்டை அசைத்து அசைத்துச் சுரண்டினால் சுலபம் என்று யாரோ அதைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் அந்தப் பக்கம் ஒருவர் பட்டனை அமுக்க, இந்தப் பக்கம் சுரண்டிக்கொண்டிருந்த அம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "மெஷின் வந்தா இனிக் கையில தொட வேண்டியதில்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார். சண்டைக் குரல் இல்லை, சும்மா ஞாபகப்படுத்துகிற மாதிரி. நான் அப்படிச் சொல்லியிருந்தேன்தான்.

சுவிட்சைக் கட்டியவர் மேல் பழியைப் போட்டு விடுதியில் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தினமும் சுரண்டினால்தான் ஓடும் என்கிற இயந்திரத்தைச் சோற்றுக் குப்பைக்குத் தேர்ந்தெடுத்தவன் நான்.

அதனால் மேலாளரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: தட்டுக்கு முதுகு இருக்கவே கூடாது. ஓர் அச்சில் ஊசலாடி அமுக்குகிற வகை உண்டு, அதன் பின்னால் குப்பை போய்ச் சேர இடமில்லை. விசை குறைவாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அமுக்கும் பகுதியும் பெட்டியும் ஒரே உடலாகவும் இருக்க வேண்டும். பெட்டியை மட்டும் தனியாகக் கழற்றிக்கொண்டு போகிற வகையில், வண்டி வரும் ஒவ்வொரு தடவையும் இணைப்பில் நிற்கும் சாறு தரையில்தான் கொட்டும். ஒரே உடலாக ஹூக் லோடர் வண்டியில் ஏற்றிப் போனால், கொட்டும் இடத்தில் திறக்க வேண்டியது பின்கதவு ஒன்றுதான்.

அந்தப் பின்கதவின் ரப்பரில்தான் எல்லாம் இருக்கிறது. என்ன ரப்பர் என்று கேளுங்கள். ஈ.பி.டி.எம். என்று ஒன்று வைப்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அருமையாகத் தாங்கும், எண்ணெய் பட்டால் உப்பி நைந்துபோகும். எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர்தான் சரி. நம் ஊர்ப் பந்தியில் நெய் எவ்வளவு ஓடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த ரப்பராக இருந்தாலும், வாழை இலையின் நடு நரம்பு ஒன்று இடுக்கில் மாட்டினால் கதவு முழுதாக மூடாது, வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை கொட்டிய பிறகும் விளிம்பைக் கழுவித் துடைப்பது யார் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதவர்கள் சீல் வைத்த இயந்திரம் வாங்கிப் பிரயோசனமில்லை.

சோறும் மோரும் ஒரு நாள் கிடந்து புளித்தால் அமிலம். சாம்பாரிலும் ஊறுகாயிலும் உப்பு வேறு. சாதா இரும்புத் தகட்டில் பெயின்ட் அடித்துத் தந்தால் அடிப்பாகம் சீக்கிரம் ஓட்டை விழும். சாறு நிற்கும் அடித்தட்டாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாற்றுக்குத் தனித் தொட்டி, அதற்கு ஒரு வால்வு, அங்கிருந்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் தொட்டி, பிறகுதான் பாதாளச் சாக்கடை. "மழைநீர் வடிகால்ல விட்டுக்கலாமுன்னு சொன்னாருங்களே" என்றார் மேலாளர். விற்க வந்தவரே சொன்ன யோசனையாம்! வடிகால் கடைசியில் ஏதோ ஒரு குளத்தில்தான் போய் முடியும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

'நாற்றம் அறவே இராது' என்பதற்கும் ஒரு வார்த்தை. மூடி வைத்தால் நாற்றம் உள்ளே காத்திருக்கும், அவ்வளவுதான். காற்றில்லாமல் அழுகும் குப்பையில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே மூடிய பெட்டி என்றால் முகூர்த்தம் முடிந்த மறுநாளே காலி செய்தாக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதர் உள்ளே இறங்கக் கூடாது.

'குப்பையை வண்டியில் ஏற்றுவதே தப்பு, அங்கேயே உரமோ எரிவாயுவோ ஆக்க வேண்டியதுதானே' என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும், நாளொன்றுக்கு சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனியாகப் பிரித்து, மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே பக்குவப்படுத்தச் சொல்லியிருந்தன. தினமும் அடுப்பெரியும் ஓட்டலுக்கும் விடுதிக்கும் நானும் அதையே சொல்வேன். மண்டபம் வேறு ஜாதி. வைகாசியில் அடுத்தடுத்து முகூர்த்தம், ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். எரிவாயுக் கலனுக்கு மாடு மாதிரி தினமும் தீனி வேண்டும். அதனால்தான் காம்பாக்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் பாட்டிலையும் பேப்பர் கப்பையும் சோற்றோடு சேர்த்து அமுக்கினால், பிறகு அதை எவராலும் பிரிக்க முடியாது. அது நேரே வெள்ளலூருக்குத்தான். 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்து புகைந்ததைக் கோவையில் இருக்கும் நாம் மறந்திருக்க மாட்டோம்.

கடைசியாக ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தேன். பணம் கட்டுவதற்கு முன், பெட்டிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் விட்டு, அடியில் பழைய செய்தித்தாள் பரப்பி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மறுநாள் காலையில் அதே தண்ணீரோடு ஹூக் லோடரில் தூக்கச் சொல்ல வேண்டும். கொக்கி முன்பக்கத்தைத் தூக்கும்போது தண்ணீர் மொத்தமும் பின்கதவில் வந்து மோதும். ஒழுகும் பெட்டி அப்போது ஒழுகியே தீரும்.

மேலாளர் அங்கேயே ஃபோன் போட்டு விற்பனையாளரிடம் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "இப்படி யாரும் கேட்டதில்லைங்க சார், 40 டன் மாடலும் நம்மகிட்ட இருக்குதுங்க" என்றது அந்தக் குரல்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் மூன்று மாதச் செய்தித்தாள் கட்டிவைத்திருக்கிறேன். பழைய பேப்பர்க்காரருக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.