சித்திரையில கொதிக்குது, கார்த்திகையில கவுக்குது

போன வாரம் எங்க வீட்டு மொட்டை மாடியிலேர்ந்து சோலார் வாட்டர் ஹீட்டரை இறக்கிட்டேன் மக்களே. 150 லிட்டர், பதினஞ்சு கண்ணாடிக் குழாய், பழைய இரும்புக் கடைக்காரர் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து தூக்கிட்டுப் போனார். எதிர்வீட்டு சார் கேட்டு வாசல்லயே நின்னு பார்த்துட்டு, "ஊரே சோலாருக்குப் போவுது, நீங்க மட்டும் ஏன் சார் ரிவர்ஸ் கியர்ல போறீங்க?"ன்னார். அவருக்கு அன்னிக்கு சொன்ன பதில் நீளமாப் போயிடுச்சு. அதான் இங்கே.

முதல்லயே சொல்லிடறேன், நான் சூரிய சக்திக்கு எதிரி இல்லை. மாடியில கரண்ட் எடுக்கற பேனல் போடணும்னு இப்பவும் ஆசை உண்டு. இது வெந்நீர் சமாச்சாரம் மட்டும்.

வாங்கின கதை சுருக்கமா. 2010-ல் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டம் வந்தப்ப, சோலார் வெந்நீருக்கு 30 சதவீதம் வரை மானியம் கொடுத்தாங்க. கொஞ்ச வருஷத்துல நிறுத்திட்டாங்க. அது நிக்கறதுக்குள்ள வாங்கிடணும்னு ஒரு அவசரம். அதுக்கு எண்ணெய் ஊத்தினது என் மச்சினன். அவன் பெங்களூர்வாசி. "அத்தான், எங்க ஏரியாவுல சோலார் இல்லாத மாடியே கிடையாது, நீங்க மெட்ராஸ்ல அவ்ளோ வெயில வச்சுக்கிட்டு கரண்ட்ல வெந்நீர் போடறீங்களே"ன்னு போன்ல ஏத்தி விட்டான். அவன் சொன்னது நிஜம்தான். பெங்களூர்ல 2007-லிருந்தே புதுசா வீடு கட்டி மின் இணைப்பு வாங்கணும்னா சோலார் ஹீட்டர் இருக்கணும்னு மின் வாரியமே கட்டாயமாக்கினாங்க. பில்லுல யூனிட்டுக்கு 50 பைசா தள்ளுபடி வேற கொடுத்தாங்க.

சரி, வெயில்தானே, நம்மகிட்ட இல்லாததா? பள்ளிக்கரணையில தாம்பரம் வேளச்சேரி ரோட்டுல தேசிய காற்று சக்தி நிறுவனம் இருக்கு. பேர் காத்துதான், ஆனா நாடு முழுக்க எந்த ஊர்ல எவ்ளோ வெயில் அடிக்குதுன்னு அளக்குற நிலையங்களை 2011-லிருந்து நிறுவினவங்களும் அவங்கதான். இந்தியாவோட வெயில் கணக்கு எழுதற ஊர்ல குடியிருந்துட்டு சோலார் இல்லாம இருக்கறது கேவலம்னு எனக்கே தோணிச்சு.

ஒரு விஷயத்தை மட்டும் யோசிக்கல. வெயில் எவ்ளோன்னு பார்த்தேன். எப்போன்னு பார்க்கல.

சித்திரை, வைகாசியில மாடி டேங்க்லேர்ந்து வர்ற சாதாத் தண்ணியே கை வைக்க முடியாது. குளிக்கறதுக்கு முன்னாடி பக்கெட்டைப் பிடிச்சு ஆற வைக்கிற ஊர் நம்மளுது. அந்த மாசங்கள்ல எங்க சோலார் டேங்க் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விட்டுட்டு நிக்கும். 150 லிட்டரும் கொதியாக் கொதிக்கும், தொடறதுக்கு ஆள் கிடையாது. வெந்நீர் உண்மையிலேயே வேணுங்கறது எப்போ? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அதாவது வடகிழக்குப் பருவமழை. வானம் மூடிக்கிட்டு மூணு நாள் வெளுக்காது. தண்ணி சில்லுனு இருக்கும், அம்மாவுக்கு முட்டி பிடிச்சுக்கும், மாடியில அந்த பதினஞ்சு குழாயும் மழையில நனைஞ்சுட்டு சும்மா படுத்திருக்கும்.

பெங்களூர்ல வருஷம் பூரா காலையில தண்ணி சில்லுனு இருக்கு, தை மாசக் குளிர்ல வானமும் தெளிவா இருக்கு. தேவையும் வெயிலும் கை கோத்துக்கிட்டு வருது. நம்மூர்ல ரெண்டும் எதிரெதிர் திசையில பஸ் ஏறுது. நியாயமா ஒண்ணு சொல்லணும், மழை விட்டப்புறம் ஜனவரியிலயும் பிப்ரவரி முதல் பாதியிலயும் அது ராஜா மாதிரி வேலை செஞ்சுது. வருஷத்துக்கு ஆறேழு வாரம் வேலை செய்யற ராஜா :)

"மழை நாளைக்குத்தான் உள்ளேயே கரண்ட் காயில் இருக்கே சார்"னு வித்தவர் சொன்னார். இருக்கு. ஆனா அது அம்மாவுக்கு வேணுங்கற ஒரு பக்கெட்டை மட்டும் சூடு பண்ணாது, 150 லிட்டரையும் சேர்த்துத்தான் சூடு பண்ணும். கணக்கு பாருங்க. ஒரு யூனிட் கரண்ட் 860 கிலோகலோரி. 20 லிட்டர் பக்கெட்டை 27 டிகிரியிலேர்ந்து 40-க்குக் கொண்டு போக 260 கிலோகலோரி, அதாவது 0.3 யூனிட். 150 லிட்டரை 27-லிருந்து 45-க்குக் கொண்டு போக மூணு யூனிட்டுக்கு மேல. கரண்டை மிச்சம் பிடிக்க வாங்கின சாமான், மழை நாள்ல பத்து மடங்கு கரண்ட் சாப்பிட்டுச்சு!

இன்னொண்ணு பைப்பு. மாடி டேங்க்லேர்ந்து கீழ்த்தள பாத்ரூம் வரைக்கும் ஒரு இஞ்சு பைப், சுத்தி வளைச்சு இருபது மீட்டர். அதுக்குள்ள நிக்கிற பச்சைத்தண்ணி கிட்டத்தட்ட பத்து லிட்டர். அது போனப்புறம்தான் வெந்நீர் வரும். குளிச்சு முடிச்சதும் அதே பைப்புல பத்து லிட்டர் வெந்நீர் நின்னு ஆறிப் போகும். லாரித் தண்ணி காசு கொடுத்து வாங்கற தெருவுல தினமும் அரை பக்கெட் சாக்கடைக்கு. அம்மா அதைப் பிடிச்சு வச்சு பாத்திரம் கழுவுவாங்க, அது வேற விஷயம்.

அப்புறம் நம்ம ஊர் போர் தண்ணி. பள்ளிக்கரணை, ஜல்லடியன்பேட்டை, மேடவாக்கம் பக்கம் இருக்கறவங்களுக்கு விளக்கவே வேணாம், குழாய் வாயில படிஞ்சிருக்கிற வெள்ளையைப் பார்த்தாலே போதும். தண்ணியில கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு உப்பு, சூடு பட்டதும் கரைஞ்ச நிலையிலேர்ந்து பிரிஞ்சு கல்லாப் படியும். சூடு ஏற ஏற படியற வேகமும் ஏறும். அப்போ மே மாசம் யாருமே தொடாம கொதிச்சுக்கிட்டிருந்த அந்த டேங்க் என்ன பண்ணிச்சு? உள்ளே உக்காந்து சுண்ணாம்புக் கல் தயாரிச்சுது. நாலாம் வருஷம் ஒரு குழாயைக் கழட்டினா அடியில கைப்பிடி அளவுக்கு வெள்ளைத் தூள். வித்தவர் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்து "பரவாயில்ல சார்"னு சொன்னார். அந்த மீட்டர் மொத்த உப்பைச் சொல்லும், அதுல சுண்ணாம்பு எவ்ளோ, சாதா உப்பு எவ்ளோன்னு சொல்லாது. கடினத் தண்ணிக்குன்னு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வச்ச மாடல் தனியா இருக்குங்கறதே எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

கடைசி ஆணி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். எங்க தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி, நாலு நாள் கரண்ட் இல்லை. வெயில் இல்லை, அதனால சோலார் இல்லை. கரண்ட் இல்லை, அதனால காயில் இல்லை. சிலிண்டர் அடுப்புல குண்டான் வச்சு அம்மாவுக்கு வெந்நீர் போட்டோம். அம்மா அமைதியா ஒண்ணு சொன்னாங்க: "ஊர்ல இருந்த செப்பு பாய்லரை வித்துட்டு வந்தது தப்புடா."

தப்புதான். நடுவுல ஒரு குழாய், அதுல கொட்டாங்குச்சியும் கரியும் போட்டா சுத்தி இருக்கிற தண்ணி சூடாகும். நெருப்பு நடுவுல, தண்ணி வெளியில, அதனால சூடு வீணாப் போறது கம்மி. வேணுங்கற அளவு பிடிச்சுக்கிட்டு அந்த அளவு பச்சைத்தண்ணி மேல ஊத்துவாங்க. தேவைக்கு மேல ஒரு சொம்பு கூட சூடாகாது. புகையும் கரியும் அபார்ட்மெண்ட் காலத்துக்கு ஒத்து வராது, தெரியும். ஆனா அந்தக் கணக்கு ஒத்து வருமே?

அதைத்தான் இப்ப பண்ணியிருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி எங்க பழைய கீசரோட பாவக்கணக்கையும் சொல்லணும். சோலார் கைவிட்ட நாள்லயெல்லாம் ஓடினது அப்பா காலத்து 25 லிட்டர் கீசர். ஸ்விட்சை யாரும் அணைக்கிறதில்லை, அதான் தெர்மோஸ்டாட் இருக்கேன்னு. ஃப்ரிட்ஜைக் கழுவிக் காய வச்ச ஒரு ஞாயித்துக்கிழமை, மத்த எல்லாத்தையும் அணைச்சுட்டு, கீசரை மட்டும் விட்டு ஈ.பி. மீட்டரைப் பார்த்தேன். காலை ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரை, ஒரு சொட்டு வெந்நீர் யாரும் தொடல, 0.4 யூனிட் போயிருந்துச்சு. ஒரு நாளைக்கு 1.2, ரெண்டு மாசத்துக்கு 72 யூனிட். பாத்ரூம் செவுத்தைச் சூடு பண்றதுக்கு!

72 யூனிட் என்ன பெரிய காசான்னு கேக்கலாம். நம்ம தமிழ்நாட்டு பில்லுல 500-ங்கிற கோட்டைத் தாண்டினா கீழே இருக்கிற ஸ்லாபும் மாறும். 2022 செப்டம்பர்ல வந்த கட்டணப்படி ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்னா 1725 ரூபாய், 501-ன்னா 1958. அந்த ஒரு யூனிட் 233 ரூபாய். ரேட்டு அப்புறமும் கூடியிருக்கு. எங்க வீட்டை ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி விட்டது இந்தச் சும்மா நின்ன கீசர்தான்.

கீசர்ல ஒட்டியிருக்கிற ஸ்டார் எதுக்குன்னு தெரியுமா? நான் ரொம்ப நாள் தப்பா நினைச்சிட்டிருந்தேன். அஞ்சு ஸ்டார்னா கம்மி கரண்ட்ல தண்ணி சுடும்னு. இல்லை. கரண்ட் காயில்ல போற சக்தி கிட்டத்தட்ட முழுசும் சூடாத்தான் மாறும், அதுல எல்லா கம்பெனியும் ஒண்ணுதான். ஸ்டார் அளக்கிறது, சூடான தண்ணி சும்மா நிக்கும்போது எவ்ளோ சூடு கசியுதுங்கறதை. நீங்க போட்டு, குளிச்சு, அணைச்சுடற ஆளா இருந்தா மூணு ஸ்டாருக்கும் அஞ்சு ஸ்டாருக்கும் பில்லுல பெரிய வித்தியாசம் வராது. ஆன்லயே விடற வீடுன்னா கண்ணை மூடிட்டு அஞ்சு ஸ்டார் வாங்குங்க.

இப்ப எங்க வீட்ல 15 லிட்டர், தெர்மோஸ்டாட் 50 டிகிரி, பாத்ரூமுக்குள்ளயே, பைப் ஒரு முழம். ரெண்டு கிலோவாட், 27-லிருந்து 50-க்கு பன்னெண்டு நிமிஷம், 0.4 யூனிட். பச்சைத்தண்ணி கலந்தா அம்மாவுக்கு ஒரு பக்கெட்டுக்கும் கொஞ்சம் மேலயே வருது. சூட்டைக் குறைச்சதால உப்பு படியறதும் குறையும். அம்மா குளியல் ரெண்டு மாசத்துக்கு 24 யூனிட், முன்னாடி சும்மா நின்னே 72. மார்க்கெட்ல இதைவிட நவீனமா ஆயிரம் இருக்கு. கேஸ் கீசர் மட்டும் அடைச்ச பாத்ரூமுக்குள்ள வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாம ஆளை எடுத்துடும்.

அப்போ சோலாரும் ஹீட் பம்ப்பும் யாருக்கு? இதுதான் எதிர்வீட்டு சாருக்கு நான் சொன்னதுல முக்கியமானது. எங்க பின் தெருவுல ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்குப் போற பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல் ஒண்ணு. நாப்பது பேர், வருஷம் பூரா, காலையில ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள வெந்நீர். ஆளுக்கு ஒரு பக்கெட்னா நாளைக்கு பன்னெண்டு யூனிட். ஹீட் பம்ப் ஏ.சி. மாதிரிதான், வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணிக்குள்ள தள்ளும், ஒரு யூனிட் வாங்கினா கிட்டத்தட்ட மூணு யூனிட் சூடு தரும். நம்மூர் காத்துக்கு இதைவிடத் தோதான மெஷின் கிடையாது. நாலு யூனிட்ல முடிஞ்சுடும். மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பின மாதிரி கட்டட விதியிலயே ஆஸ்பத்திரி, ஓட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் எல்லாம் சோலார் வெந்நீர் கட்டாயப் பட்டியல்ல இருந்துச்சு. எழுதினவங்களுக்கு எங்கே பலிக்கும்னு தெரிஞ்சிருக்கு. நாமதான் அதை விட்டுட்டு நாலு பேர் வீட்டு மாடியில ஏத்தறோம்.

ஹாஸ்டல் ஓனர்கிட்ட போய் பேசியும் பார்த்தேன். டீ எல்லாம் கொடுத்தார். "சார், ரூமுக்கு ரூம் சப் மீட்டர் வச்சிருக்கேன். கரண்ட் அந்தப் பொண்ணுங்க கட்டுது. மெஷின் காசு நான் போடணும், மிச்சம் அவங்களுக்கா?"ன்னார். பதில் சொல்லத் தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல. அந்தச் சப் மீட்டரை விட்டுட்டு வாடகையோட சேர்த்து வாங்கினா அவரே ஓடிப் போய் ஹீட் பம்ப் வாங்குவார்னு வீட்டுக்கு வந்தப்புறம் தோணிச்சு. போய்ச் சொல்லணும்.

ஓசூர், கோயம்புத்தூர், ஊட்டிப் பக்கம் சோலார் வச்சிருக்கிறவங்க திட்டறதுன்னா தாராளமா திட்டுங்க, உங்க ஊர்ல அது சரிதான். சென்னையில வச்சு பத்து வருஷம் ஓட்டினவங்க யாராவது இருந்தா, குழாய்ல உப்பு எப்படி எடுத்தீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. எதிர்வீட்டு சார் நான் இவ்ளோ சொன்னப்புறமும் 200 லிட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்திருக்கார்.