பெயருக்குக் காசா, பொருளுக்குக் காசா?



எமது பள்ளிவாசலின் பழைய வால்வு எம்ப்ளிபயரைத் திருத்துவது பற்றி ஊர்க் குழுக்களில் நிறையப் பேசியாகிவிட்டது. புதியதொன்றை வாங்கினால் என்ன என்பது தனி விவாதம். ட்ரான்ஸ்போமர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, ஹோர்ன் ஸ்பீக்கர்களும் வேலை செய்கின்றன, களைத்துப் போனவை வால்வுகள் மட்டும்தான் என்று திருத்துபவர் சொல்லியிருக்கிறார். நிர்வாகமும் திருத்துவதென்றே முடிவெடுத்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது ஒரே கேள்வி: எந்த வால்வை வாங்குவது?

தேவை ஈஎல்34 வால்வு ஒரு ஜோடி. மூன்று பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். முதலாவது, "ஒரிஜினல் பழைய முல்லார்ட்" என்று சொல்லப்படுவது. மற்றவற்றைவிட மூன்று மடங்கு விலை. இரண்டாவது, புதிய பெட்டியில் பெயர் பெற்ற ஒரு பிராண்ட். பரிசோதனை விபரம் எதுவுமில்லை. மூன்றாவது, எம்மில் பலர் கேள்விப்படாத பெயர். ஆனால் இரண்டு வால்வுகளையும் அளந்து, ஒத்த மின்னோட்டம் உள்ளவையாகச் சேர்த்து, அளவை பெட்டியில் எழுதி, 90 நாளுக்குள் பழுதானால் மாற்றித் தருவதாகப் பில்லில் குறிப்பிடுகிறார்கள்.

"பள்ளிக்கு வாங்குவதென்றால் பெயருள்ள சாமானாக வாங்குங்கள்" என்று பலர் எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வால்வு உலகில் பெயர் என்பது என்ன என்று நாம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

முல்லார்ட் என்பது 1920இல் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பனி. 1927ஆம் ஆண்டளவில் அது முழுமையாக ஒல்லாந்தின் பிலிப்ஸ் கைக்குப் போய்விட்டது. அதன் பெரிய வால்வுத் தொழிற்சாலை பிளாக்பர்னில் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் வால்வு உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. இன்று கடையில் புதிதாக வரும் முல்லார்ட் வால்வு ரஷ்யாவின் சரத்தோவ் நகரில் செய்யப்படுவது. பெயருக்கான உரிமையை வாங்கிய அமெரிக்கக் கம்பனி ஒன்று அந்தத் தொழிற்சாலையில் செய்து, பழைய பெயரை அச்சிட்டு விற்கிறது.

அந்தத் தொழிற்சாலையிலிருந்து வருவது ஒரு பெயர் மட்டுமல்ல. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடை வந்தபோது, டங்-சோல், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், அதன் கோல்ட் வகை, ஜெனலெக்ஸ் கோல்ட் லயன், முல்லார்ட், ஸ்வெட்லானா, சோவ்டெக் என்று ஏழு பெயர்களுக்கும் ஒரே நேரத்தில் சிக்கல் வந்தது. டங்-சோல் ஒரு காலத்தில் அமெரிக்கக் கம்பனி. கோல்ட் லயன் இங்கிலாந்தின் ஜீஈசி குழுமத்தினுடையது. ஸ்வெட்லானா என்ற பெயரில் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் வேறொரு தொழிற்சாலையே இருந்தது. அந்தத் தொழிற்சாலை பிற்காலத்தில் தன் சொந்தப் பெயரை விட்டு, சிறகு முளைத்த 'சீ' எழுத்துச் சின்னத்தோடு தன் வால்வுகளை விற்க வேண்டியிருந்தது. பெயர் ஓரிடம், தொழிற்சாலை வேறிடம்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. பிலிப்ஸ் குழுமம் அந்தக் காலத்திலேயே ஒல்லாந்தின் ஹேர்லன் தொழிற்சாலையில் செய்த வால்வுக்கு இங்கிலாந்தில் முல்லார்ட் என்றும் அமெரிக்காவில் அம்பரெக்ஸ் என்றும் பெயர் போட்டது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பெரிய அச்சைப் பார்ப்பதில்லை. அது பல வால்வுகளில் விரலால் தேய்த்தாலே அழிந்துவிடும். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் சாம்பல் நிறத்தில் உள்ள சிறிய குறியீட்டைத்தான் பார்ப்பார்கள். அதில் 'பீ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பிளாக்பர்ன், சிறு முக்கோணம் இருந்தால் ஹேர்லன். அடுத்து வருவது ஆண்டின் கடைசி இலக்கம், பிறகு மாதத்துக்கான எழுத்து, பிறகு வாரம். எமக்கு வந்த முதலாவது விலைக்காரரிடம் அந்தக் குறியீட்டின் படத்தைக் கேட்டோம். பெயர் தெரியும் படம் வந்தது. குறியீட்டின் படம் இன்னும் வரவில்லை.

இதை எழுதுவதால், வேறு பெயர் அச்சிட்டு விற்பதே மோசடி என்று யாரும் நினைக்க வேண்டாம். வால்வு செய்யும் பெரிய தொழிற்சாலைகள் இன்று உலகிலேயே மிகச் சிலதான். ரஷ்யாவில் சரத்தோவ், ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, இவற்றோடு சீனத் தொழிற்சாலைகள். ஆகவே பல பெயர்கள் சில கூரைகளின் கீழிருந்து வருவது இயல்பு. இடையில் நிற்பவர் உண்மையாகவே வேலை செய்திருந்தால் அதற்குக் கூலி எடுப்பதில் தவறில்லை. க்ரூவ் டியூப்ஸ் என்ற கம்பனி தான் வாங்கிய வால்வுகளை அளந்து 1 முதல் 10 வரை தரம் பிரித்து விற்றது. மெசா பூகி தன் எம்ப்ளிபயர்களுக்குப் பொருந்தும் வால்வுகளை நிறக்குறி வைத்துப் பிரித்து விற்கிறது. அங்கே விற்கப்படுவது பெயரோடு சேர்ந்த ஒரு வேலை.

பிரச்சினை மறைப்பதில்தான் இருக்கிறது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் எமது பிள்ளைகளுக்கும் தெரியும். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. நனைந்ததை அடியில் வைக்கக் கூடாது என்பதே பாடம். சரத்தோவில் செய்ததைச் சரத்தோவில் செய்ததென்று சொல்லி விற்பது வியாபாரம். அதையே பிளாக்பர்ன் என்று சொல்லி மூன்று மடங்கு விலை கேட்பது ஈரத்தை அடியில் வைப்பது.

அப்படியானால் நாம் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? எமது எம்ப்ளிபயரில் இரண்டு ஈஎல்34 வால்வுகள் எதிரும் புதிருமாக மாறி மாறி இழுக்கும். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் மின்னோட்டம் எடுத்தால் இரைச்சல் கூடும், அவுட்புட் ட்ரான்ஸ்போமர் தேவையில்லாமல் சிரமப்படும். ஆகவே ஜோடி சேர்த்து அளந்திருப்பது பெயரைவிட முக்கியம். புதியவற்றைப் போட்டபின் ஓய்வு மின்னோட்டத்தை, அதாவது பயஸை, மீண்டும் சரிசெய்ய வேண்டும். அதே பெயர், அதே இலக்கம் என்றாலும் இதைத் தவிர்க்க முடியாது. "இதுவும் பொருந்தும்" என்று வேறு இலக்கத்தைத் தருபவர்களிடமும் கவனம் தேவை. 6எல்6 வால்வின் இழை 0.9 அம்பியர் எடுக்கும், ஈஎல்34 எடுப்பது 1.5 அம்பியர். குழியில் பொருந்திவிட்டது என்பதற்காக ட்ரான்ஸ்போமர் அதைத் தாங்கும் என்றில்லை. ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறோம்: உள்ளே ஓடுவது 400 வோல்ட் அளவிலான மின்சாரம், ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஆர்வமுள்ள தம்பிமார் திறந்து பார்க்க வேண்டாம்.

"காதுக்கு நல்லாக் கேட்டால் போதாதா, எங்கே செய்தால் என்ன?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ரஷ்யாவில் செய்த வால்வும் நன்றாகவே பாடும். ஆனால் அப்படிக் கேட்பவர் பழைய பெயருக்கு மூன்று மடங்கு கொடுக்கவும் சம்மதிக்கக் கூடாது. எங்கே செய்தாலும் ஒன்றுதான் என்றால் விலையும் அப்படியே இருக்கட்டும். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதன் பிறகு, வெளிநாட்டுச் சாமானில் ஏமாறுவதன் விலையும் அதே அளவில் ஏறிவிட்டது.

விடைத்தாள் திருத்தும்போது எம் முன்னால் பிள்ளையின் பெயர் இருப்பதில்லை, சுட்டெண் மட்டுமே இருக்கும். பெயர் தெரியாததால்தான் எழுதியதற்குப் புள்ளி கிடைக்கிறது. வால்வுக்கும் அப்படியே புள்ளி போடுவோம். அந்தக் கணக்கில் எமது தெரிவு மூன்றாவது விலை.

நிர்வாக சபையிடம் எமது வேண்டுகோள் இவ்வளவுதான். எவரிடம் வாங்கினாலும் நான்கு விபரங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில் செய்தது, புதியதா, பாவித்ததா, பாவிக்காத பழைய இருப்பா, அளந்த அளவு என்ன, பழுதானால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள். ஒரு கடைக்காரர் "எங்கே செய்தது என்று எனக்குத் தெரியாது" என்று எழுதித் தந்தால் அதையும் மதிப்போம். தெரியாததைத் தெரியாது என்பவரிடம் மற்ற விபரங்களை நம்பிக் கேட்கலாம். அந்தப் பில்லை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

பள்ளியின் காசு ஒருவருடைய காசல்ல. கூலித் தொழிலாளியின் நூறு ரூபாவும் வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளையின் ஆயிரம் ரூபாவும் அதில் கலந்திருக்கின்றன. அது அமானிதம். கண்ணாடியில் உள்ள அச்சுக்காக அதைச் செலவழிக்க எமக்கு உரிமையில்லை.