பரீட்சையா? வகுப்பிலே ‘கோர்ட்டு’ வையுங்கள்!

‘திருப்புதல்’ என்றாலே மாணவனுக்குக் கிலி! பத்துத் தடவை எழுது, இருபது தடவை ஒப்பி... சாயங்காலம் கேட்டால் கடகடவென்று சொல்கிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறான்!

கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன் என்று அலையும் நிருபர் நான். என் யோசனை: வகுப்பிலேயே ஒரு கோர்ட்டு வையுங்கள், வாத்தியார் சார்!

பாடம், 1806 வேலூர்ப் புரட்சி. ஒரு பையன் சிப்பாய். மேஜைதான் கூண்டு. மற்றவர்கள் வக்கீல்கள்.

“ஏன் துப்பாக்கி தூக்கினாய்?”

“வெள்ளைக்காரன் புதுத் தலைப்பாகை போடச் சொன்னான். நெற்றிக் குறி கூடாதென்றான்!”

“என்றைக்கு?”

“ஜூலை 10!”

ஒரே நிபந்தனை: புத்தகம் மூடியிருக்க வேண்டும்.

இது வெறும் கூத்தல்ல. 2006-ல் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து? பாடத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஜெயித்தார்கள்!

பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே, சார்! வாரம் ஒரு பீரியடு போதும். செலவு பைசா இல்லை.

கடைசி பெஞ்சுப் பையனையும் ஒருநாள் கூண்டில் ஏற்றிப் பாருங்கள். அவன் வாயும் திறக்கும்!