கோழிக்குப் போடும் முகாமில் புறாவுக்கும் தடுப்பூசி வேண்டும்

கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களில் புறாக்களையும் சேர்க்க வேண்டும். புறா வளர்ப்பவர் ஒவ்வொருவரும் தம் கூண்டிலுள்ள எல்லாப் பறவைகளுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் புறா வளர்ப்போராகிய எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்.

கழுத்து திருகல் நோயைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. முதலில் தண்ணீராகப் பச்சைக் கழிச்சல். பறவை ஓயாமல் தண்ணீர் குடிக்கும். பிறகு தலை நடுங்கும். கம்பைக் குறிபார்த்துத்தான் கொத்தும், ஆனால் அலகு பக்கத்துத் தரையில் போய்ப் படும். கடைசியில் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை தலைகீழாகத் திரும்பிவிடும். தீனி முன்னால் கிடக்க, பட்டினியால் சாகும் புறாக்கள் எத்தனையோ.

இதற்குக் காரணம் பாராமிக்சோ வைரஸ். நாட்டுக்கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் கோழிக்கழிச்சல், அதாவது வெள்ளைக்கழிச்சல், வைரஸின் இன்னொரு வடிவம் இது. 1984இல் இங்கிலாந்தில், லிவர்பூல் துறைமுகத்தில் சேமித்திருந்த தீவனத்தில் நோயுற்ற புறாக்களின் எச்சம் கலந்தது. அந்தத் தீவனம் போன கோழிப்பண்ணைகளில் நோய் கிளம்பியது. நம் ஊர்களில் கோழியும் புறாவும் ஒரே வாசலில்தான் மேய்கின்றன. கோழிக்கு மட்டும் ஊசி போட்டுப் புறாவை விட்டுவிட்டால் அது பாதி வேலை.

புறாவுக்கு ஏற்றது எண்ணெய் கலந்த செயலிழந்த தடுப்பூசி. கழுத்தின் பின்புறம், உடலை ஒட்டிய பகுதியில் தோலைத் தூக்கிப் பிடித்து, தோலுக்கடியில் போட வேண்டும். நெஞ்சுச் சதையில் போட்டால் பறப்பது பாதிக்கப்படும். ஊசி போட்டால் புறா பந்தயத்துக்கு ஆகாது என்ற பயம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. பந்தயத்துக்குச் சில வாரம் முன்பே போட்டுவிட்டால் எதிர்ப்பாற்றல் வளர நேரம் கிடைக்கும். இந்த மருந்து உறையக் கூடாது. ஃபிரீசரில் வைத்தது வீண்தான். கோழிக்கான உயிர்த் தடுப்பூசியை மருத்துவரைக் கேட்காமல் புறாவுக்குப் போடாதீர்கள்.

குப்பிதான் நடைமுறைச் சிக்கல். பண்ணைக் கணக்கில் வரும் ஒரு குப்பி இருபது புறா வைத்திருப்பவருக்கு எதற்கு? ஒரே தெருவில் வளர்ப்பவர்கள் நாள் குறித்துச் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். இராணிப்பேட்டை கால்நடை நோய் தடுப்பு மருந்து நிலையம் புறாக்களுக்கென்று சிறு குப்பிகளில் வழங்கினால் இந்தச் சிக்கலே இராது.

அம்மை நோய் வேறு. கண்ணையும் அலகையும் சுற்றிக் கொப்புளம் வருவது கொசுவால். கோழி அம்மைத் தடுப்பூசியை நம்பி இருக்க முடியாது. புறா அம்மைக்கான மருந்தும் நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்க வேண்டும். அதுவரை ஐப்பசி மழைக்கு முன்பே கூண்டுக்குக் கொசுவலை கட்டுவதே வழி.

எந்த ஊசியும் ஏற்கெனவே நோய் கண்ட பறவையைக் குணப்படுத்தாது. சந்தையில் வாங்கிய புதுப் புறாவை ஒரு மாதம் தனியே வைத்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். நோய்ப் புறாவைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மனிதருக்கும் கண் சிவந்து உறுத்தல் வரலாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். கழுத்து திருகிய புறாவைக் கோயில் கோபுரத்துப் பக்கம் கொண்டுபோய் விடாதீர்கள். அங்குள்ள புறாக்களுக்கும் நோய் பரவும். தனிக் கூண்டில் வைத்து, ஊறவைத்த தானியத்தை வாயில் ஊட்டுங்கள். பல பறவைகள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன.